மதுரையில் 'சாப்பாட்டு உலா' முன்பதிவு செய்யப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

முந்தாநாள் இரவு மதுரையில் எங்களிடமிருந்து 4,800 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு யாரும் மாட்டக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

ஊர் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு செய்து தரும் செயலி அது. பெயர் போடவில்லை, இதே வகையில் பல இருக்கின்றன. அதில் மதுரை இரவுச் சாப்பாட்டு உலா என்று ஒன்று. தலைக்கு 1,200. நான், கணவர், அம்மா, மகன் என நாலு பேருக்கு 4,800. மூன்று மணி நேரம், ஆறு கடை, சாப்பிடுவதெல்லாம் அதிலேயே அடக்கம். பெரிய ஓட்டல் கிடையாது, குடும்பமாக நடத்துகிற சின்னக் கடைகள் மட்டும்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜிகர்தண்டா, தள்ளுவண்டிப் பருத்திப்பால், கோலா உருண்டை, கறிதோசை, பன் பரோட்டா, கடைசியில் ஓர் இட்லிக் கடை.

மதுரையில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரர்கள் போனால் பேர் வாங்கிய நாலு கடை வாசலில் கூட்டத்தில் நின்றுவிட்டுத் திரும்புவோம். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் போர்டுகூட இல்லாமல் ஓடும் கடைகளுக்குக் கூட்டிப்போக உள்ளூர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பணத்தைக் கட்டினோம்.

முதல் நாள் இரவு வழிகாட்டியே போன் பண்ணினார். யார் யார் வருகிறீர்கள், காரம் தாங்குமா என்று பொறுமையாக விசாரித்தார். அம்மாவுக்குச் சர்க்கரை என்றேன். "அதனால என்னக்கா, பருத்திப்பால்ல கருப்பட்டி கம்மியாப் போடச் சொல்லி நானே வாங்கித் தாரேன். நீங்க பர்ஸே எடுத்துட்டு வர வேணாம்" என்றார். போனை வைத்ததும் அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு இப்போது வயிறு எரிவது அதை நினைத்துத்தான்.

ஏழு மணிக்கு விளக்குத்தூண். பார்த்ததும் அவர் கேட்ட முதல் விஷயம், "அந்த நாலு நம்பரச் சொல்லுங்கக்கா." வழிகாட்டியைச் சந்தித்தவுடன் ஓடிபியைச் சொல்ல வேண்டும் என்பது செயலியின் விதி. சொன்னேன், தன் போனில் தட்டிக்கொண்டார்.

முதல் கடையில் ஒரே ஒரு ஜிகர்தண்டா வாங்கினார். அதை மூன்று காகிதக் கப்பில் ஊற்றினார். ஆளுக்கு ரெண்டு வாய் பாலும் கொஞ்சம் கடல்பாசியும். மேலே வைத்த ஐஸ்கிரீம் முழுசும் ஒரே கப்பில் விழுந்தது. பருத்திப்பால் எங்கே என்றால், "வண்டிக்காரர் இன்னைக்கு லீவுக்கா." அப்புறம் ஒரு கால் மணி நேரம் நடக்கவைத்துக் கொண்டுபோய் நிறுத்தியது ஏசி போட்ட மாடி ஓட்டல் ஒன்றில். சின்னக் கடையிலெல்லாம் கூட்டமாம். "உட்காருங்க, எல்லாம் சொல்லிட்டேன்" என்றவர், போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே போனார். திரும்பி வரவே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் 1,460 ரூபாய்க்குப் பில் வந்தது. எல்லாம் கட்டியாகிவிட்டதே என்றோம். "அவரு ஆளக் கொண்டுவந்து விடுவாரு, அவ்வளவுதான். பில் நீங்கதான் கட்டணும்" என்றார் பரிமாறியவர். கட்டிவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் ஆவி பறக்கப் பருத்திப்பால் வண்டி நிற்கிறது.

வழிகாட்டி ஒரே ஒரு தடவை போனை எடுத்தார். "டிராஃபிக்ல இருக்கேன், அஞ்சு நிமிசத்துல கூப்பிடுறேன்." அதன் பிறகு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். செயலியில் புகார் செய்தால் முதலில் இயந்திரம் பேசியது, அப்புறம் ஓர் ஆள் வந்தார். ஓடிபி கொடுக்கப்பட்டிருப்பதால் நிகழ்ச்சி முழுமையாக நடந்ததாகவே அவர்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதாம். ஆறு கடையில் ஒரு கடைதான் காட்டினார் என்று படத்தோடு அனுப்பினேன். "வழிகாட்டி தனி நபர், நாங்கள் இணைத்துவிடுவது மட்டும்தான்" என்றார்கள். மறுபடியும் கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் 300 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். 4,800 வாங்கிக்கொண்டு ஏமாற்றியவர்களிடமே மறுபடியும் போய்ப் பணம் கட்டினால்தான் அந்த 300 கிடைக்கும்!

இவர்கள் இப்படிக் கையை விரிக்க முடியாது. 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அவர் பெயருக்கு மெயில் போட்டுவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தாயிற்று. வெளியூரில் நடந்தது, யார் அலைவது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. 4,800 ரூபாய் திரும்பாவிட்டால் நான் கோயம்புத்தூரில் கொடுக்கப்போகிறேன்.

போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. கடைகளின் பெயரை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். பெயர் சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். சந்தித்தவுடன் ஓடிபி கேட்கும் நிகழ்ச்சி என்றால் பதிவே செய்யாதீர்கள். முக்கியமாக, பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்று காலையில் பார்க்கிறேன், எங்கள் உலாவின் பக்கத்தில் 'ஆறு சின்னக் கடைகள்' என்ற வரியையே காணோம். 'தேர்ந்தெடுத்த மதுரைச் சுவைகள்' என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். விலை மட்டும் அதே 1,200. பழைய பக்கத்தின் படம் என் கணவர் போனில் இருக்கிறது, புகாரோடு அதையும் சேர்த்திருக்கிறேன்.