ஜிப்ஸியை இரண்டு அங்குலம் தூக்க: ஷாக்கிளா, கிட்டா, பட்டறைப் பட்டையா?

என்னிடம் இருப்பது 2003 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். கொல்லிமலையில் மாமாவின் மிளகுத் தோட்டத்துக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதைக்காகவே வாங்கிய பழைய வண்டி. எழுபது கொண்டையூசி வளைவுகளையும் முனகாமல் ஏறிவிடும். அதற்கப்புறம்தான் வம்பு. மழைத்தண்ணீர் அறுத்த இரண்டு தடங்களுக்கு நடுவே திட்டு நிற்கும், அதில் வண்டியின் வயிறு உரசும். வண்டியைத் தாங்கும் பட்டைகள், அதாவது வில்போல வளைந்த இரும்புத் தகட்டு ஸ்பிரிங்குகள், இருபது வருடத்தில் வளைவே இல்லாமல் படுத்துக்கிடந்தால் வேறென்ன ஆகும்?

இரண்டு அங்குலம் தூக்கினால் போதும் என்று முடிவு செய்தேன். அதற்கு மூன்று வழிகள். இரண்டை என் வண்டியிலேயே செய்து பார்த்துவிட்டேன், மூன்றாவதை நண்பர் வண்டியில் ஓட்டிப் பார்த்தேன். அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றிக் கட்டும் நான்காவது வழியும் உண்டு. அது ஒரேயடியாக நாலைந்து அங்குலம் தூக்கிவிடும். பிறகு ஸ்டீயரிங், எஞ்சின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் பிராப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். தோட்டத்துக்குப் போய்வர அவ்வளவு தேவையில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு, இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பாக இணைப்பது. பட்டையைத் தூக்கினால் சேஸிஸ்தான் உயரும், அச்சில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கம்பெனி அளவான 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் 703 மி.மீ. விட்டத்தில் 35 கூடினால் குண்டுக்குக் கீழே கிடைப்பது அதில் பாதி, 18 மி.மீ. அளவுக்கு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும். பட்டையைத் தூக்குவது அந்த டயர் உரசாமல் சுற்றவும், வயிறு திட்டில் படாமல் இருக்கவும்தான்.

முதலில் நான் விழுந்தது ஷாக்கிளில். பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அந்த இரட்டைத் தகட்டை நீளமாக மாற்றுவதுதான் இருப்பதிலேயே மலிவான வழி, அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஷாக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது ஒரே அங்குலம். பட்டையின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது! அதைவிட மோசம், ஜிப்ஸியில் முன்பட்டையின் ஷாக்கிள் முன்பக்கம் இருக்கிறது. அது நீண்டால் அச்சு முன்னோக்கிச் சாய்ந்து, ஸ்டீயரிங்கை நேருக்குத் திரும்ப வைக்கும் சாய்வான கேஸ்டர் கோணம் குறைந்துவிடும். சேந்தமங்கலம் சாலையில் 60-ஐத் தாண்டினால் வண்டி தன்னிஷ்டத்துக்கு அலைந்தது, வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம் என்றார்கள். வைத்தேன், கொஞ்சம் சரியானது. ஆனால் ஒரு தப்பை மறைக்க இன்னொரு துண்டு இரும்பு என்பது மனதுக்கு ஒட்டவில்லை. ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

அடுத்தது கிட், அதாவது உயரத்துக்கென்றே செய்த பட்டையும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து வரும் ரெடிமேட் செட். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு போன்ற பெரிய பெயர்கள் உண்டு. வெளிநாடுகளில் சியரா, சாமுராய் என்ற பெயர்களில் ஓடிய சுசுகியின் உடன்பிறப்புதானே நம் ஜிப்ஸி, அதனால் பாகங்கள் ஓரளவு பொருந்தும். சக்கர இடைவெளியும் பட்டையின் நீளமும் பொருந்துகின்றனவா என்பதை வாங்கும் முன் அளந்து பார்த்துவிட வேண்டும். நண்பர் வண்டியில் இருந்தது வேறொரு சிறிய நிறுவனத்தின் செட். இரண்டு நாள் ஓட்டினேன். ஒளிக்காமல் சொன்னால், என் வண்டியைவிட அது சுகமாக ஓடியது. பட்டையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை என்பது முதல் பள்ளத்திலேயே தெரிந்துவிடும். வாரம்தோறும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், பணமும் இருக்கிறது என்றால், கிட்டை வாங்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

நான் வாங்காததற்கு விலை மட்டும் காரணமில்லை. நண்பருக்கு ஒன்றரை வருடத்தில், பட்டை முனையில் போல்ட்டைச் சுற்றி மெத்தைபோல இருக்கும் பாலியூரித்தேன் புஷ் தேய்ந்தது. அதன் அளவு நம் ஜிப்ஸி புஷ்ஷின் அளவு இல்லை. புதியது வந்து சேர ஏழு வாரம், அதுவரை வண்டி ஷெட்டில். எனக்கு அந்த வண்டி மிளகு பறிக்கும் மாதங்களில் ஏழு நாள் நின்றாலே மாமாவிடம் பேச்சு வாங்க வேண்டும்.

ஆக, மிஞ்சியது பட்டறை. நாமக்கல் வட்டாரத்தில் லாரிக்குப் பஞ்சமில்லை, லாரி இருக்கும் ஊரில் பட்டைப் பட்டறைக்கும் பஞ்சமில்லை. இங்கேயும் நான் முதல்முறை சறுக்கியவன்தான். பழைய பட்டைகளையே வளைத்து, கூட ஒன்று சேர்த்துக் கொடுங்கள் என்று ஒரு பட்டறையில் விட்டேன். கேஸ் அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் வளைத்து, அப்படியே தரையில் போட்டு ஆறவிட்டார்கள். வண்டி அழகாக நிமிர்ந்து நின்றது. ஐந்தே மாதத்தில் பழையபடி உட்கார்ந்துவிட்டது.

காரணம் தோய்ச்சல். அரிவாளுக்குத் தோய்ச்சல் வைப்பதுபோலத்தான் பட்டைக்கும். 850 டிகிரி அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, அதன்பின் 450 முதல் 500 டிகிரியில் மறுபடி பதப்படுத்தினால்தான் அந்த இரும்புக்கு ஸ்பிரிங் குணம் நிற்கும். சும்மா காய்ச்சி ஆறவிட்டால் இருந்த பதமும் போய்விடும். இரண்டாவதாகப் போன பட்டறைக்காரர் என் பட்டையைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இந்த இரும்பு செத்துப்போச்சு தம்பி. வளைச்சாலும் தீபாவளி வரைக்கும்தான்" என்றார். "புதுசே அடிச்சிடுங்கண்ணே" என்றேன். உலை, எண்ணெய்த் தொட்டி எல்லாம் வைத்திருந்தார். அதை நேரில் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

கூடுதல் பட்டை சேர்க்க வேண்டாம் என்பதும் அவர் சொன்னதே. இது முக்கியமான இடம். பட்டை கூடினாலும் விறைப்பு ஏறும், தடிமன் கூடினால் இன்னும் வேகமாக ஏறும். பட்டையின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். 6 மி.மீ. பட்டைக்குப் பதிலாக 7 மி.மீ. போட்டாலே விறைப்பு கிட்டத்தட்ட 60 சதவீதம் ஏறிவிடும். ஜிப்ஸியோ ஒரு டன் எடைதான். லாரிக்குப் போடுவதுபோல யோசித்தால் வண்டி எலும்பை உடைக்கும். முதல் பட்டறையில் சேர்த்த அந்த ஒற்றைப் பட்டை எனக்கு அதைத்தான் செய்தது. அதனால் அசல் தடிமன், அசல் எண்ணிக்கை, வளைவு மட்டும் அதிகம் என்று கட்டினோம். உயரம் வளைவிலிருந்து வர வேண்டும், விறைப்பிலிருந்து அல்ல.

முதல் இரண்டு மாதத்தில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமர்ந்தது. அதை எதிர்பார்த்து இரண்டரை அங்குலத்துக்கு வளைத்திருந்தோம். மூன்று மழைக்காலம் ஆகிறது, உயரம் அப்படியே நிற்கிறது. போன ஐப்பசியில் பின்பக்கம் இரண்டாவது பட்டை உடைந்தது. மெதுவாக இறங்கி நாமக்கல் வந்தேன். அந்த ஒன்றை மட்டும் அடித்துப் போட்டு, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டேன். புஷ் எல்லாம் ஜிப்ஸிக்கு எங்கும் கிடைக்கும் சாதாரண ரப்பர் புஷ். எனக்குத் தராசைச் சாய்த்தது இந்த ஒரு நாள்தான்.

குறை இல்லாமலில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டைகளுக்கு நடுவே புகுந்த சேற்றைக் கழுவி, கிராஃபைட் கிரீஸ் வைக்காவிட்டால் கிரீச் கிரீச் என்று ஊரையே கூப்பிடும். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்து நிற்கிறது. கையால் அடித்த வேலை, அப்படித்தான் இருக்கும்.

ஷாக் அப்சார்பர் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை, வாயு நிரப்பிய ஒரே ஒரு கேஸ் ஷாக் செட்தான் ஓட்டியிருக்கிறேன். அசல் நீளத்திலேயே விட்டால் சக்கரம் தொங்கும்போது பட்டைக்கு முன்பு ஷாக்கே எல்லையை எட்டி இழுபடும், எனவே நீளமானது தேவை. பிரேக் ஹோஸையும் அதேபோல வண்டியை ஜாக்கில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள், 500 கிலோமீட்டரில் மறுபடி முறுக்குங்கள். ரப்பர் புஷ் போல்ட்டை மட்டும் வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கில் வைத்தே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும்.

சட்டத்தையும் மறக்க முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போயாக வேண்டும், ஆய்வாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். அசல் பட்டைக் கட்டுகளை அதனால் தோட்டத்து ஷெட்டில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். மலையில் ஒரு கொல்லர் அரிவாள் அடிக்கக் கேட்டு இரண்டு முறை வந்துவிட்டார். எலும்பை உடைத்த அந்தக் கூடுதல் பட்டையை மட்டும் கொடுத்தனுப்பினேன்.