48 பல்லும் 120 கண்ணியும்: மின்சார மோட்டார் சைக்கிளில் பின் ஸ்புரொக்கட் மாற்றிய அனுபவம்

2023 மாசியில் வாங்கிய மின்சார மோட்டார் சைக்கிளை இரண்டரை ஆண்டுகளாக விசுவமடுவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். காலையில் இருபது லீற்றர் கான்கள் இரண்டில் பாலைக் கொண்டுபோய்ச் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிட்டு, அப்படியே கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதப் போவது என் வழக்கம். 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோலுக்காகக் கியூஆர் குறியைக் காட்டி வரிசையில் நின்ற நாட்களே இந்த வண்டியை வாங்கவைத்தன. வண்டியின் எல்லாக் குணங்களையும் இங்கே எழுதப்போவதில்லை; பின் ஸ்புரொக்கட்டை, அதாவது செயின் மாட்டி ஓடும் பற்சில்லை, பெரிதாக்கியதையும், அதற்கு ஏற்றபடி செயினின் நீளத்தை ஒழுங்குசெய்ததையும், அதில் ஒருமுறை பிழைவிட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

என்னுடையது, மோட்டார் நடுவில் இருந்து செயின் மூலம் பின்சில்லைச் சுழற்றும் வகை. சில்லின் நடுவிலேயே மோட்டார் உள்ள வண்டிகளில் இந்த மாற்றத்துக்கு இடமே இல்லை. முன்னே 14 பல், பின்னே 42 பல், 420 அளவுச் செயினில் 116 கண்ணிகள் என்ற நிலையில் வண்டி வந்தது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் அது மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சுகமாகப் போனது. ஆனால் பால் எடுக்கும் வீடுகள் காப்பெற் வீதியோரத்தில் இல்லை. கிரவல் ஒழுங்கைகள், வாய்க்கால் கரைகள், ஒரு குளக்கட்டு ஏற்றம், ஐப்பசி தொடங்கிவிட்டால் சில்லை விழுங்கும் சேறு என்பவற்றைக் கடந்துதான் அவற்றை அடையவேண்டும். வன்னி தட்டையான நிலம்தானே, இழுவை எதற்கு என்று கேட்பவர்கள், நாற்பது லீற்றர் பாலைக் கட்டிக்கொண்டு ஈர மண்ணில் நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுத்துப் பார்க்கவேண்டும். மோட்டார் கொதித்து, அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர் தானாகவே வலுவைக் குறைத்துவிடும். பிறகு இறங்கித் தள்ளுவதுதான் வழி.

முன்னே இருக்கும் 14 பல்லை 12 ஆக்கினாலும் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும், செலவும் குறைவு. ஆயினும் சிறிய ஸ்புரொக்கட்டில் செயின் கூடுதலாக மடிந்து விரிவதால் அதன் ஊசிகள் விரைவில் தேயும். ஓட்டமும் சற்று அதிரும். பெற்றோல் இயந்திரத்தின் இரைச்சலில் மறைந்துபோகும் செயின் சத்தம், மின்வண்டியில் ஓடுபவரின் காதில் முழுவதுமாக விழும் என்பதையும் எண்ணி, பின்னே 48 பல் போடத் தீர்மானித்தேன். பின் பற்களை முன் பற்களால் வகுத்த விகிதம் 3 இலிருந்து 3.43 ஆகிறது, இழுவை ஏழில் ஒரு பங்கு கூடுகிறது, உச்ச வேகம் 60 இலிருந்து 52 அளவுக்கு இறங்குகிறது.

2023 ஐப்பசியில், மீற்றர் 5,500 கிலோமீற்றரைக் காட்டியபோது வேலையை ஒரு கராஜில் கொடுத்தேன். அங்கே நடந்தது இன்றும் நினைவிருக்கிறது. பெரிய ஸ்புரொக்கட்டைப் பூட்டியபின் பழைய செயின் எட்டவில்லை. இளைஞர் செயினின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, ரெண்டு கண்ணியும் ஒரு அரைக் கண்ணியும் போட்டா காணும், சில்லை அசைக்கவே தேவையில்லை" என்றார். அரைக் கண்ணி என்பது ஒரு முனை ஒடுங்கி, மறுமுனை அகன்று, நடுவில் வளைந்திருக்கும் ஒற்றைத் துண்டு. ஒற்றைப்பட எண்ணில் செயினைப் பொருத்த அது உதவும். ஆனால் அந்த வளைவே அதன் பலவீனம். கைப்பிடியைத் திருகிய கணமே முழு இழுவையையும் கொடுக்கும் மின்மோட்டாருக்கு, இடையில் கிளச் எதுவும் இல்லாத நிலையில், அதை ஒருபோதும் போடக்கூடாது என்பது என் முடிவு. 119 கண்ணிகளுடன் ஓடிய அந்தச் செயின் மூன்று மாதத்தில், தை மாதக் காலையொன்றில், உடையார்கட்டுப் பக்கம் அறுந்தது. பால் கொட்டவில்லை என்பதே ஆறுதல். அறுந்த இடம் அரைக் கண்ணியின் வளைவுதான்.

அதற்குப் பிறகு கணக்கை நானே பார்த்தேன். கணக்கெழுதுபவன் இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இரட்டிப்பாக்கி, ஒரு கண்ணியின் நீளமான 12.7 மில்லிமீற்றரால் வகுத்து, அதனுடன் இரு ஸ்புரொக்கட்டுகளின் பற்களையும் கூட்டியதில் பாதியைச் சேர்த்தால் கண்ணிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய வந்துவிடும். பற்களின் வித்தியாசத்துக்காக ஒன்றுக்கும் குறைவான ஒரு சிறு திருத்தம் மட்டும் மிஞ்சும். 42 பல்லும் 116 கண்ணியும் இருந்தபோது என் வண்டியின் அச்சுகளுக்கு இடையே 556 மில்லிமீற்றர் இருந்தது. 48 பல்லுக்கு 120 கண்ணிகள் போட்டால் அது 561 ஆகும். பின் அச்சை ஐந்து மில்லிமீற்றர் பின்னே தள்ளினால் போதும். 118 போட்டால் எட்டு மில்லிமீற்றர் முன்னே இழுக்கவேண்டும். அப்போது ரயர் சட்டத்தில் உரசும். இரண்டு கண்ணிகளைக் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு 12.7 மில்லிமீற்றர் நகரும் என்பதை மனத்தில் வைத்திருந்தால், கடைக்குப் போகுமுன்பே விடை கையில் இருக்கும்.

செயின் வாங்கும்போது இன்னொரு குழப்பம் வரும். கடைகளில் எளிதில் கிடைப்பது 428 செயின். அதன் கண்ணி நீளமும் 12.7 மில்லிமீற்றர்தான் என்பதால் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் பல்லிடுக்கில் உட்காரும் அதன் உருளை 8.5 மில்லிமீற்றர் தடிப்பு, 420 இன் உருளையோ 7.8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பல்லிடுக்கில் அடிவரை இறங்காமல் மேலேயே நின்று பற்களைத் தின்னும். துவிச்சக்கரவண்டிச் செயினுக்குக் கண்ணி நீளமும் உருளையும் 420 உடன் ஒத்துப்போனாலும், அதன் உள் அகலம் பாதிதான். பல்லின் மேல் ஏறவே ஏறாது. பழைய ஹொண்டா 70 வகைகளுக்குப் பொருட்கள் வைத்திருக்கும் கடையில் 420 கேட்டால் கிடைக்கும்.

பூட்டும் வேலையில் விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் பற்றறியின் பிறேக்கரை விழுத்திவிடவேண்டும். கைப்பிடியில் தவறுதலாகக் கை பட்டாலும் செயினுக்குள் இருக்கும் விரல் போய்விடும். 48 பல்லின் விட்டம் 194 மில்லிமீற்றர், பழையதை விட 24 கூடுதல். செயின் மூடியில் இடித்ததால் அதன் விளிம்பை அரிந்தேன். சட்டத்தில் பொறித்த கோடுகளை நம்பாமல், மேசன்மார் சுவருக்குப் பிடிப்பதுபோல நூல் பிடித்து இரு ஸ்புரொக்கட்டுகளையும் ஒரே நேரில் நிறுத்தினேன். செயினின் இரு முனைகளையும் பூட்டும் இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். செயினின் தொய்வைப் பாரமில்லாத வண்டியில் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழும்போது செயின் இறுகுகிறது; இரண்டு கான்களிலும் தண்ணீர் நிரப்பி, தம்பியை ஏறியிருக்கச் சொல்லி, சில்லைச் சுற்றி மிக இறுகும் இடத்தில் 20 மில்லிமீற்றர் தொய்வு விட்டேன். அதைவிடக் கூடவும் கூடாது. வேகம் குறைக்கும்போது மோட்டாரே பிறேக்காக மாறுவதால் கீழ்ச்செயின் இறுகி, தொய்வு மேலே தாவி, 'டக்' என்று அடிக்கும்.

மாற்றத்தின் பலன் பற்றி நேர்மையாகச் சொன்னால், சேற்றிலும் கட்டு ஏற்றத்திலும் வண்டி வேறு வண்டியாகிவிட்டது, மோட்டாரின் கொதிப்பு அடங்கியது. காப்பெற் வீதியில் மின்செலவு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. மீற்றர் மோட்டாரின் சுற்றை வைத்தே கணக்கிடுவதால் வேகமும் தூரமும் கூடுதலாகக் காட்டும். 120 கண்ணிச் செயின் 2024 தையிலிருந்து 2025 ஆனி வரை மீற்றரில் 12,000 ஓடியது. உண்மையில் அது 10,500. கிரவல் தூசியுடன் தடித்த கிறீஸ் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும் என்பதால், மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால் கழுவி, 90 கியர் ஒயிலை மெல்லியதாகத் தடவித் துடைத்துவந்தேன். முடிவில் 254 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இருபது கண்ணிகள் 258 ஆக நீண்டிருந்தன. அச்சு பன்னிரண்டு மில்லிமீற்றர் பின்னே போயிருந்தது.

ஸ்புரொக்கட்டைக் கழற்றியபோதுதான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். எல்லாப் பற்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்க, இரண்டு பற்கள் மட்டும் கொக்கிபோல் வளைந்திருந்தன. அவை நேர் எதிரெதிரே, 24 பற்கள் தள்ளி இருந்தன. செயினைக் கையில் எடுத்துக் கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்தேன். மாரியில் துருப்பிடித்து மடங்க மறுத்த ஒரு கண்ணி அகப்பட்டது. காரணம் கணக்கில் இருந்தது. 120 கண்ணிகள் ஒருமுறை ஓடிமுடிய 48 பல் சில்லு சரியாக இரண்டரைச் சுற்றுச் சுற்றும். ஆகவே ஒரு கண்ணி இம்முறை ஒரு பல்லில் ஏறினால் அடுத்தமுறை அதற்கு நேர் எதிர்ப் பல்லில் ஏறும், அதற்கடுத்த முறை மீண்டும் முதற் பல்லுக்கே வரும். செயினைக் கழற்றாமலே கழுவிவந்ததால் அந்தக் கெட்ட கண்ணி அந்த இரண்டு பற்களை மட்டுமே பதினேழு மாதம் இடித்திருக்கிறது.

46 பல்லுக்குக் கணக்குப் போட்டேன். 118 கண்ணிகளுடன் அச்சுத் தூரம் 555, அதாவது வண்டி வந்த நிலையிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். ஒவ்வொரு கண்ணியும் 23 பற்களில் மாறி மாறி ஏறும். உச்ச வேகம் 55 அளவில் நிற்கும். 48 இன் இழுவையில் சிறிது குறைந்தாலும் குளக்கட்டுக்கு அது போதும். ஆனி கடைசியில் மூன்றையும், அதாவது முன், பின் ஸ்புரொக்கட்டுகளையும் செயினையும் ஒன்றாக மாற்றினேன். மிஞ்சிய இரண்டு கண்ணிகளும் ஒரு இணைப்புக் கண்ணியும் ஆசனத்துக்குக் கீழே, பழைய பால் பற்றுச்சீட்டொன்றில் சுற்றியபடி இருக்கின்றன.