புது சிப்பா, புதுக் கூட்டாளியா: எந்த வதந்திக்கு எடை அதிகம்?

சிப் நிறுவனப் பங்கைச் சுற்றி இரண்டு வதந்திகள் ஓயாமல் உலவும். அடுத்த பிராசஸர் போட்டியாளரை முந்திவிடும் என்பது ஒன்று, பெரிய கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்று கைகோக்கப்போகிறது என்பது இன்னொன்று. கூட்டாளியின் பெயர் கேட்டதும் பங்கு துள்ளும். ஆனாலும் பிராசஸருக்கே எடை அதிகம் என்பேன்.

இன்டெலின் போட்டியாளரான சிப் நிறுவனம் ஏஎம்டியையே பாருங்கள். அதன் சர்வர் பிராசஸரான ஆப்டெரான் வந்தது 2003 ஏப்ரலில். கம்ப்யூட்டர் நிறுவனமான டெல் அந்த சிப்பை எப்போது தன் சர்வர்களில் வைக்கும் என்று சந்தை மூன்று ஆண்டுகள் காத்திருக்க, 2006 மே மாதம் அந்த அறிவிப்பும் வந்தது. ஜூலையில் இன்டெல் கோர் 2 டுயோவை இறக்கியது. வேகம், மின்செலவு இரண்டிலும் ஏஎம்டி பின்தங்கியது. பதிலடியாக 2007 செப்டம்பரில் வந்த பார்சலோனா பிராசஸரில் டிஎல்பி பிழை, அதாவது நினைவக முகவரிகளைக் கையாளும் பகுதியில் ஒரு கோளாறு. அதைத் திருத்திய பி3 ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்தப்பட்ட பதிப்பு) 2008இல்தான் கைக்கு வந்தது. 2006 தொடக்கத்தில் 40 டாலரைத் தொட்ட பங்கு 2008 இறுதியில் 2 டாலரை ஒட்டிக் கிடந்தது. டெல் உடன் இருந்தும்தான்!

2016இல் கதை தலைகீழ். ஆகஸ்டில் ஏஎம்டி தன் புதிய ஜென் பிராசஸரையும் இன்டெலின் பிராட்வெல்-ஈ பிராசஸரையும் ஒரே 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வைத்து, பிளெண்டர் என்ற 3டி வரைகலை மென்பொருளில் ஓட்டிக் காட்டியது. 3 டாலருக்குக் கீழே ஆண்டைத் தொடங்கிய பங்கு 11 டாலரைத் தாண்டி முடித்தது. ஜென் வடிவமைப்பிலான ரைசன் பிராசஸர் கடைக்கு வந்தது அதன்பின், 2017 மார்ச்சில்.

கூட்டணிச் செய்தி வந்தால் எந்த மாடல் வரிசை, எத்தனை நாடுகளில், இன்றே ஆர்டர் செய்ய முடியுமா என்று பாருங்கள். 2018இல் இன்டெலின் முதல் 10 நானோமீட்டர் (புதிய, நுண்ணிய உற்பத்தி முறை) சிப்பான ஐ3-8121யூ, லெனோவோவின் ஐடியாபேட் 330 லேப்டாப்பில் வந்தது. இரண்டே கோர், உள்கிராபிக்ஸ் முடக்கப்பட்டதால் தனி ரேடியான் கிராபிக்ஸ் சிப் வைக்க வேண்டியிருந்தது. லெனோவோவின் பெயர் இருந்தும், 10 நானோமீட்டர் உற்பத்தி தயாராகவில்லை என்பதை அந்த லேப்டாப்பே சொல்லிவிட்டது.

பிராசஸர் வதந்தியிலும் பொறி உண்டு. கசியும் கீக்பெஞ்ச் (வேகச் சோதனை மென்பொருள்) மதிப்பெண்கள் பெரும்பாலும் விற்பனைக்கு முந்தைய பொறியியல் மாதிரியுடையவை. ஒரு வேஃபருக்கு (சிப்கள் அச்சிடப்படும் சிலிக்கான் தட்டு) எத்தனை நல்ல சிப் தேறுகிறது என்பதை அவை சொல்லாது. அதைவிடக் காலாண்டு அறிக்கையின் சரக்கிருப்புக் குறிப்பைத் திறந்து, 'உற்பத்தியில் உள்ளவை' என்ற வரியைப் பாருங்கள். வேஃபர் ஆலையைவிட்டு வெளிவர மாதக்கணக்காகும். அறிமுகத்துக்கு முந்தைய காலாண்டில் அந்தத் தொகை ஏறவில்லை என்றால், சொன்ன தேதியில் கடை நிரம்பச் சரக்கு வருவது சந்தேகமே.