30/60 கார்னட்: திருகோணமலையில் எத்தனை தடவை பாவிக்கலாம்?

அழுத்தக் காற்றால் மணியை வீசி அடித்து இரும்பின் துருவை எடுப்பது எங்கள் பட்டறை வேலை; அதற்குப் பாவிக்கும் கடினமான கனிம மணிதான் கார்னட். அதிகமாக வருவது கடலில் கிடந்த இரும்பு. கொட்பேயிலிருந்து நங்கூரம், சுக்கான் தகடு. கிண்ணியாவிலிருந்து படகு ஏற்றும் டிரெய்லர். சாதாரண மணலை அடித்தால் கிளம்பும் சிலிக்காத் தூசி சிலிக்கோசிஸைக் கொண்டுவரும், அதற்குக் குணமே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே கார்னட்டின் விலையைச் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். புல்மோட்டை மணலை அடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கழுவாத கடற்கரை மணலில் உப்பும் சிலிக்காவும் சேர்ந்தே வரும், வேண்டாம்.

30/60 அளவு (மணியின் பருமனைக் காட்டும் சல்லடை எண்) தடித்த துருவையும் பழைய பெயின்டையும் நன்றாக எடுக்கிறது. 7 பார் அழுத்தத்தில் எஸ்ஏ 2½ தரம் (கிட்டத்தட்ட வெள்ளை இரும்பாகும் அளவு சுத்தம்) கிடைக்கிறது, எபொக்சி பிரைமர் பிடிக்கத் தேவையான சொரசொரப்பும் விழுகிறது.

சரி, எப்போது மாற்றுவது? மூடிய அறையில் அடித்து, கூட்டிச் சலித்தால் 3 முதல் 5 தடவை வரும் என்பார்கள். நான் தகட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். தூசி மண்டித் தகடு தெரியாமல் போகும், துருக்குழிகளின் அடியில் கறுப்பு நிற்கும், வேலை இழுபடும். அப்போது முதலில் குழாய் முனையிலுள்ள நாசிலைப் பாருங்கள். அதன் துளை தேய்ந்து அகன்றிருந்தாலும் அழுத்தம் விழுந்து இதே கோளாறுதான் வரும். நாசில் சரியென்றால் சலித்துப் பொடியைக் கொட்டிவிட்டுப் புதியதைக் கலக்க வேண்டியதுதான்.

ஆனால் நம்மூரில் கார்னட் மணி தேயும் முன்பே உப்பு அதைக் கெடுத்துவிடும். முனை கூராக இருந்தாலும் உப்பேறிய கார்னட்டை மறுபடி அடித்தால், சுத்தமான இரும்பில் உப்பைப் பூசுவது போலாகிவிடும்; பிறகு பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். அதனால் கடல் இரும்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே அடிக்கிறோம். அதற்குப் பாவித்த கார்னட் தனி வாளிக்குப் போகும், கேட், கிரில் வேலைக்குக்கூட எடுப்பதில்லை.

மற்றக் கார்னட்டில் கொஞ்சத்தைப் போத்தலில் போட்டு, பற்றரித் தண்ணீர் (அசிட் அல்ல, காய்ச்சி வடித்த தண்ணீர்) ஊற்றிக் குலுக்கி வைத்துச் சோதிப்பேன். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் முழுவதையும் எறிய வேண்டும். தண்ணீர் நெடுநேரம் கலங்கியே நின்றால் பொடி அதிகம், சலித்தால் போதும். உப்பு கண்ணுக்குத் தெரியாது, அதற்குத் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் மீட்டர் வேண்டும்.

குறை பையில்தான். 25 கிலோ பை மாரிக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, கட்டியான கார்னட் குழாயை அடைக்கிறது. ஐப்பசிக்கு முன் மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள்.