மெட்டா குவெஸ்ட் 3எஸ்: பக்கவாதம் வந்த கைக்கு எவ்வளவு உதவும்?

அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்திலிருந்து பிசியோவுக்காகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிறவர்களை, மற்ற நாட்களில் வீட்டிலேயே கையை நீட்டி மடக்க வைக்க ஏதாவது சாக்கு வேண்டும். கண்ணில் மாட்டிக்கொண்டு, கையை அசைத்து விளையாடும் இந்த வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் அதற்கு ஆகும். பிசியோவுக்குப் பதிலாக ஆகாது.

எடை 514 கிராம். கூட வரும் பட்டையை ஒற்றைக் கையால் இறுக்குவது கஷ்டம். பக்கத்தில் ஆள் வேண்டும். நெற்றித் திருநீறையும் வழியும் எண்ணெயையும் முதலில் துடைத்துவிடுங்கள், லென்ஸில் ஒட்டினால் படம் மங்கும். கழற்றியதும் தார்சாவில் வெயில் விழும் இடத்தில் வைக்காதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே திரையைப் பொசுக்கிவிடும்.

பெரிய குறை வேறு. கை எட்டாதபோது நோயாளி முதுகைச் சாய்த்து, தோளைத் தூக்கி எட்டுவார். விளையாட்டு அதற்கும் மதிப்பெண் கொடுத்துவிடும்! முழங்கை மடங்கியபடியே இருக்கும், ஸ்கோர் மட்டும் ஏறும். சக்கரமில்லாத நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்கார வைத்து, நெஞ்சைத் துண்டால் நாற்காலி முதுகோடு தளர்வாகக் கட்டுங்கள். படத்தைப் போனுக்கு அனுப்பி வைத்தால், உள்ளே அவர் எதை எட்டுகிறார் என்று நீங்களும் பார்க்கலாம். தோள் வலி இருந்தால் கை தோள்மட்டத்துக்கு மேலே போகக் கூடாது.

விரல் இறுகிய கையை ஹெட்செட்டின் கேமரா சரியாகக் கண்டுகொள்ளாது. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரைக் கிரேப் பேண்டேஜால் கையோடு சுற்றி, மெனுவை நல்ல கையால் அழுத்தலாம். மரத்த கைக்கு இறுக்கம் தெரியாது. அவ்வப்போது அவிழ்த்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தொடக்கத்துக்குத் துண்டுகளைப் பொருத்தும், அவசரமில்லாத 'கியூபிசம்' விளையாட்டு நல்லது. பாட்டுக்கேற்ப கட்டைகளை வெட்டும் 'பீட் சேபர்' வேகமானது. தோற்காத அமைப்பையும் பாட்டை மெதுவாக்கும் அமைப்பையும் போட்டால்தான் சரிப்படும்.

2016-இல் வெளியான எவ்ரெஸ்ட் (EVREST) என்ற மருத்துவ ஆய்வில் 141 பக்கவாத நோயாளிகளில் ஒரு பாதியினர் கையை அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ (Wii) வீடியோ கேம் விளையாடினார்கள், மற்றவர்கள் சீட்டு, பந்து மாதிரி விளையாட்டுகள். கைத்திறனில் வீ மேலாக நிற்கவில்லை. விரல் நுனிதான் பிரச்சினை என்றால் வீட்டுப் பல்லாங்குழியே போதும்: முத்தைக் கிள்ளி எடுக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் தொடுவுணர்வை இந்தக் கருவி தராது. தோளும் முழங்கையும் அசைய வேண்டியவர்களுக்குத்தான் காசு போடலாம்.

வலிப்பு வந்தவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. முதலில் பத்து நிமிடம். குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள்.