பஹ்ரைன் போற டிரைவருக்கு வலதுபக்க வகுப்பு: 4,500 ரூபாய்க்கு என்ன கிடைக்குது?

மதுரை ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை முழுசாத் தெரியிற ஒரு காலி மைதானத்துல இருக்கு இந்த டிரைவிங் ஸ்கூல். பேரைப் போடல. நல்லதோட சேர்த்துக் குறையும் எழுதப் போறேன், அவங்க பொழப்புல மண்ணைப் போட வேணாம். கல்ஃப்ல ரோட்டுல வலதுபக்கம் ஓட்டணும்ங்கிறதால, அங்க போற டிரைவர்களுக்குன்னு தனியா ஒரு வகுப்பு வச்சிருக்காங்க. ரெண்டு வாரம், 4,500 ரூபாய். முடிஞ்சதும் ஒரு சர்டிபிகேட் தருவாங்க, அதை லேமினேட் பண்ணி வீட்டுல மாட்டிக்கலாம். அதைக் காட்டினா பஹ்ரைன்ல யாரும் லைசென்ஸ் தரப் போறதில்ல. மாஸ்டரே முதல் நாள் அதைச் சொல்லிட்டார்ங்கிறதால இதைக் குறையில சேர்க்கல.

நான் டூரிஸ்ட் கார் ஓட்டுறவன். ராமேஸ்வரம், கொடைக்கானல், சபரிமலை சீசன்னா குமுளி வழி. இப்ப பஹ்ரைன்ல வீட்டு டிரைவர் வேலைக்கு ஏற்பாடு ஆயிருக்கு. "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு மாப்ள கிளாஸு, ரோட்டுல இந்தப் பக்கம் போனதை அந்தப் பக்கம் போகப்போற, அவ்வளவுதான?"ன்னு எங்க மாமா கேட்டார். அவ்வளவுதான் இல்லைங்கிறதுதான் இந்த வகுப்பு.

தகரக் கொட்டகைக்குள்ள ஒரு பழைய மாருதி வேன் சீட்டை இரும்பு ஃபிரேம்ல போல்ட் போட்டு வச்சிருக்காங்க. முன்னால பெரிய டிவி, லாஜிடெக் ஜி29 ஸ்டியரிங், மூணு பெடல். கியர் லீவர் தனியா வாங்கி வலது கைப் பக்கம் பூட்டியிருக்காங்க. டிவியில ஓடுறது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. பிராகாவுல இருக்கிற எஸ்சிஎஸ் கம்பெனி 2012-ல விட்ட லாரி கேம். "கேம் ஆடுறதுக்கா காசு கட்டினோம்?"னு எங்க பேட்ச்ல ஒருத்தர் முகம் சுளிச்சார். உக்காந்து எந்திரிச்ச பிறகு வாயைத் திறக்கல.

ஸ்டியரிங் இடதுபக்கம் வந்ததும் எல்லாமே தலைகீழா மாறியிருக்கும்னு நெனச்சுத்தான் எல்லாரும் வர்றாங்க. அதுதான் இல்ல. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூணும் அதே வரிசைதான், காலுக்கு ஒரு வேலையும் கூடல. கியர் போடுற வரிசையும் மாறல, ஆனா லீவர் இப்ப வலது கைக்கு வந்துருச்சு. நம்ம வண்டியில ஃபர்ஸ்ட் கியர்னா கையை அந்தப் பக்கமாத் தள்ளி மேல போடுவோம். அங்க அதே ஃபர்ஸ்ட் நம்ம தொடையை ஒட்டி இருக்கு. அஞ்சாவதுக்குக் கை தூரமாப் போகுது. என் டிசையர்ல வலது கையில இண்டிகேட்டர் போட்டுப் பழகினவன் நான். அங்க அது இடது கைக்குப் போயிருது, பழக்கத்துல வலது கை தட்டுனா வெறும் கண்ணாடியில வைப்பர் ஓடும். நடுக்கண்ணாடியைப் பார்க்கக் கண்ணு இடதுபக்கம் ஏறிப் பழகியிருக்கு, அதை வலதுபக்கம் ஏத்தணும். எங்க பேட்ச்ல எல்லாருக்குமே லாரியோட வலதுபக்க டயர் போய் ஓரக்கல்லுல ஏறுச்சு. நமக்கு வலதுபக்கம் உடம்பு முடியிற இடத்துல வண்டியும் முடிஞ்சுரும். அங்க நமக்கு வலதுல இன்னொரு ஆள் அகலத்துக்கு வண்டி கெடக்கு. கல்லுல ஏறினா ஸ்டியரிங் கையில உதறும், அதை உதற வைக்கிற உள் மோட்டார் நல்லா இருக்கு. அதுக்கே பாதிக் காசு குடுக்கலாம்.

மாஸ்டர் பஹ்ரைன்ல ரொம்ப வருஷம் டிரைவரா இருந்து ஊர் திரும்பினவர். அந்த ஊரே முன்னால நம்மள மாதிரி இடதுபக்கம் ஓட்டினதுதான், சுத்தி இருக்கிற நாடுகளோட ஒத்துப்போறதுக்காக 1967-ல வலதுபக்கம் மாத்திக்கிட்டாங்க. அதே வருஷம் ஸ்வீடனும் மாறுச்சு. கேம்ல ஸ்டாக்ஹோம் ரோட்டை எடுத்துவிட்டு, நம்ம முறை வர்ற வரைக்கும் அந்தக் கதையைச் சொல்றது அவருக்குப் பிடிச்ச வேலை.

1955-ல ஸ்வீடன்ல ஜனங்ககிட்ட ஓட்டு எடுத்திருக்காங்க. நூத்துக்கு 83 பேர் மாத்த வேணாம்னுட்டாங்க. பக்கத்து நாடு நார்வே, பின்லாந்து எல்லாம் வலதுபக்கம். ஸ்வீடன்காரன் வச்சிருந்த கார்ல முக்காவாசிக்கு மேல அப்பவே ஸ்டியரிங் இடதுபக்கம்தான். அதனால ஜனங்க வேணாம்னதையும் மீறி 1963-ல பார்லிமென்ட்ல முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் நாலு வருஷம் ஏற்பாடு. 1967 செப்டம்பர் 3, ஞாயித்துக்கிழமை. ராத்திரி ஒரு மணியிலிருந்து அவசர வண்டி தவிர ரோட்டுல எதுவும் வரக்கூடாது. வந்த வண்டியெல்லாம் 4:50-க்கு நிக்கணும், மெதுவா வலதுபக்கம் ஏறி மறுபடி நிக்கணும். அஞ்சு மணி அடிச்சதும் கிளம்பணும். அவ்வளவுதான், நாடு பக்கம் மாறிருச்சு. பஸ்ஸுக்குக் கதவு மறுபக்கம் வைக்கணுமே, அதுலதான் செலவு. ஆயிரக்கணக்கான பஸ்ஸை வெட்டிக் கதவு வச்சாங்க, ஸ்டாக்ஹோம்ல டிராமை ஏறக்குறைய மொத்தமாவே எடுத்துட்டாங்க.

நான் கேட்டேன், "மொத நாள் எத்தனை வண்டி முட்டுச்சு மாஸ்டர்?" மறுநாள் திங்கக்கிழமை, வழக்கமான திங்கக்கிழமையை விட விபத்து கம்மி. பயத்துல எல்லாரும் உருட்டிக்கிட்டே போயிருக்காங்க. ரெண்டு வருஷத்துல பயம் விட்டுப்போச்சு, விபத்தும் பழைய கணக்குக்கு வந்துருச்சு. "போன மொத மாசம் உனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. மூணாவது மாசம், பெட்ரோல் போட்டுட்டு காலி ரோட்டுல வெளிய வருவ பாரு, அப்பத்தான் கை தானா இடதுபக்கம் இழுக்கும்"னார். முன்னால வண்டி போனா அது பின்னாலயே போயிரலாம். ஆளில்லாத ரோடுதான் நம்மளப் பழைய பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். ஸ்வீடன்ல ஒரே நேரத்துல எல்லாரும் சேர்ந்து மாறினாங்க. நான் ஒருத்தனா மாறப்போறேன், எனக்காக அங்க எவனும் நின்னு கிளம்பப் போறதில்ல.

இந்த இடத்துலதான் கேம் உண்மையிலேயே உதவுது. பிரான்ஸ்ல கலேவிலிருந்து கடலைத் தாண்டி இங்கிலாந்துல டோவருக்கு லோடு எடுப்பார். அங்க வலதுபக்கம், இங்க இடதுபக்கம். ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம். வேணும்னே காலி ரோடாப் பார்த்து விட்டுட்டு, பின்னால நின்னு ஊர்க்கதை பேசுவார். பேச்சு சுவாரசியத்துல எவன் பக்கம் மாறுறான்னு பார்க்கிறதுதான் பரீட்சை.

மைதான வகுப்பு சுமார். சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய டயரை அடுக்கி ஒரு ரவுண்டானா. ஸ்கூல் கார் நம்ம ஊர் கார்தான், ஸ்டியரிங் வலதுல. அதை வலதுபக்கக் கோட்டுக்குள்ள ஓட்டணும். முன்னால போற வண்டியை ஏறிப்போகணும்னா எதிர்ல வர்றது நமக்குத் தெரியாது, இடது சீட்ல இருக்கிற மாஸ்டர் எட்டிப்பார்த்து "வா, வா, இரு"ன்னு சொல்லணும். பர்மாவுல அப்படியே நடந்திருக்கு. 1970-ல நாட்டை வலதுபக்கம் மாத்திட்டாங்க, வண்டி மட்டும் வலது ஸ்டியரிங்லயே ரொம்ப காலம் ஓடுச்சு. ஜப்பான்லருந்து வந்த பழைய பஸ்ல கதவு நடுரோட்டுப் பக்கம் திறக்கும். எங்க தாத்தா அதுக்கு முன்னாலயே ரங்கூனை விட்டு வந்துட்டார், இல்லன்னா அந்தக் கூத்தையும் சொல்லியிருப்பார். பர்மா டிரைவர் ஆகப்போறவனுக்கு இந்த மைதானம் பொருத்தம், பஹ்ரைன் போறவனுக்கு அரை உதவி.

ஆனா அந்த டயர் ரவுண்டானாவைக் குறை சொல்ல மாட்டேன். மாசி வீதியில தேர் சுத்துற திசையும் நம்ம ரவுண்டானா சுத்துற திசையும் ஒண்ணு, வலம்தான். அங்க அப்படியே அப்பிரதட்சிணம். பொறந்ததிலிருந்து கோயில்ல ஒரே பக்கமாச் சுத்தினவனை எதிர்ப்பக்கம் சுத்தச் சொன்னா மனசு ஒப்பவே மாட்டேங்குது. உள்ள சுத்திக்கிட்டு இருக்கிறவனுக்குத்தான் முதல் வழி, அவன் உனக்கு இடதுபக்கமிருந்து வருவான்னு மாஸ்டர் தொண்டை வத்தக் கத்துறார். கோரிப்பாளையத்துல எவன் யாருக்கு வழி விட்டான்? அதனால இதுல ரெண்டு பாடம் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கு.

பெரிய குறை ஒண்ணு இருக்கு. நடக்கச் சொல்லித் தரல. வண்டியை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டுறவனும் நான்தான். இங்க முதல்ல வலதுபக்கம் பார்த்துத்தான் கால் வைப்போம். அங்க முதல் வண்டி இடதுபக்கமிருந்து வரும். லண்டன்ல வெளியூர்க்காரனுக்காக எந்தப் பக்கம் பார்க்கணும்னு ரோட்டுலயே எழுதி வச்சிருக்காங்க. நான் கேட்டதுக்கு, "இது டிரைவிங் கிளாஸு தம்பி, நடக்கிறதுக்கா ஃபீஸ் வாங்கினேன்?"னு சிரிச்சிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போயிட்டார். 4,500 வாங்குற இடத்துல அதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், செலவே இல்லாத பாடம்.

இன்னொண்ணு, ஸ்டியரிங்கை மேசையில மாட்டியிருக்கிற கிளாம்ப் லூஸ். வேகமாத் திருப்பினா மேசையோட வருது. சொல்லியாச்சு, "பார்க்கலாம்"னாங்க.

லாரி, டிரெய்லர் வேலைக்குப் போறவங்க கண்ணை மூடிட்டுச் சேரலாம். என்னை மாதிரி கார் ஓட்டப் போறவங்க, ரெண்டு வாரமும் டிவி முன்னாலயே உக்கார வைங்கன்னு கேட்டு வாங்கணும், மைதானத்துக்கு ஒரு நாள் போதும். பேட்ச்ல ஆறு பேருக்கு மேல இருந்தா சேராதீங்க, முறை வர்றதுக்குள்ள பொழுது போயிரும். சாயங்கால பேட்ச்சா கேளுங்க. காலையில கொட்டகைக்குள்ள வெயில் நேரா டிவியில விழுது, வலதுபக்கமும் தெரியாது இடதுபக்கமும் தெரியாது.