ரெனோவேட்டா, டிபெண்டபாட்டா? சேர்ந்து மாற வேண்டிய பேக்கேஜ்களைக் குழுவாக்க எது தேவலை

நம் கோடு நம்பியிருக்கும் பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடை, புதுப் பதிப்புக்கு மாற்றித் தரும் கருவிகள்தான் டிபெண்டபாட்டும் ரெனோவேட்டும். டிபெண்டபாட் கோடு வைக்கும் தளமான கிட்ஹப்புடனேயே வருவது. எங்கள் டீமின் ஜாவாஸ்கிரிப்ட் ரெப்போக்களை (கோடு சேமிப்பிடங்களை) டிபெண்டபாட்டிலிருந்து ரெனோவேட்டுக்கு மாற்றிவிட்டோம். "கிட்ஹப்பிலேயே ஒன்று இருக்கும்போது எதற்கு இன்னொன்று?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் காசு கிடையாது. புதுப் பதிப்பு வந்தால் இரண்டுமே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) திறக்கும், அதன்மேல் சிஐ (தானாக ஓடும் சோதனைகள்) ஓடும். கிட்லேப், பிட்பக்கெட் என்று வேறு இடத்தில் கோடு வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், ரெனோவேட்தான். கிட்ஹப்பில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான கேள்வி. அதற்கு நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தப் பேக்கேஜ் எதனுடன் சேர்ந்தது என்ற பட்டியலை யார் பராமரிப்பது?

இது ஏன் முக்கியம்? இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்டின் 19-ஆம் பதிப்பில் ரியாக்டும் ரியாக்ட்-டாமும் அச்சாக ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது பிழை காட்டி நின்றுவிடும். ரியாக்டை மட்டும் உயர்த்தி ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தால் டெஸ்ட் விழும். அதே வேலைக்கான ஆங்குலரில் இன்னும் கறார். அதன் முக்கியப் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று அதே பதிப்பில் கேட்கும், தனியாக ஒன்றை ஏற்றினால் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் 7-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலிலேயே நின்றுவிடும். நம் கோடில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் சிஐயில் சிவப்பு, அதாவது தோல்வி. இந்தப் பொய்ச் சிவப்பு வாராவாரம் வந்தால், நிஜமான சிவப்பு வரும் நாளிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சேர்ந்து மாற வேண்டியவற்றை ஒரே புல் ரிக்வெஸ்டில் தரும் குழு வசதி டிபெண்டபாட்டில் 2023 ஆகஸ்டில் முழுமையாக வந்தது. பாதுகாப்புத் திருத்தங்களைக் குழுவாக்கும் வசதி அடுத்த ஆண்டு சேர்ந்தது. குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, அதில் சேர வேண்டிய பேக்கேஜ்களின் பெயர் வடிவத்தை நாமே எழுத வேண்டும். ஆங்குலர் போல எல்லாம் ஒரே முன்னொட்டில் இருந்தால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் பேக்கேஜ்களின் பெயர்கள் எப்போதும் அப்படி ஒழுங்காக அமைவதில்லை. டெஸ்ட் எழுத உதவும் ஜெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜெஸ்ட்' என்று தொடங்குபவை எல்லாம் ஒரு குழு என்று எழுதினால், அதே ரெப்போவிலிருந்து வரும் பேபல்-ஜெஸ்ட்டும் எக்ஸ்பெக்ட்டும் வெளியே நின்றுவிடும். தனிப் பதிப்பு எண்ணுடன் வேறு ரெப்போவிலிருந்து வரும் ஜெஸ்ட்-எக்ஸ்டெண்டட் உள்ளே வந்துவிடும். சரி, விதிவிலக்குகள் எழுதலாம். எழுதிய பிறகு புதிதாக ஒரு பேக்கேஜ் சேர்ந்தால், அல்லது இருப்பது பெயர் மாறினால், மறுபடியும் திருத்த வேண்டும். இப்படி ஒவ்வொரு ரெப்போவிலும். இந்த வேலை யாருடைய பெயரிலும் இருக்காது, அதனால் நாளடைவில் நின்றுபோகும்.

ரெனோவேட் பெரும்பாலும் பெயரை நம்பி இருப்பதில்லை. பேக்கேஜ் எந்த மூல ரெப்போவிலிருந்து வெளியாகிறது என்று பார்த்துச் சேர்க்கிறது. ரியாக்ட், ஜெஸ்ட், பேபல் போன்றவற்றுக்கான பட்டியல் அதற்குள்ளேயே இருக்கிறது, பங்களிப்பாளர்கள் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். பரிந்துரைக்கப்பட்ட கான்ஃபிக்கை (அமைப்பு விதிகளை) எடுத்துக்கொண்டால் நாம் ஒரு வரிகூட எழுதாமல் இதெல்லாம் கிடைத்துவிடுகிறது. நாங்கள் மாறியதற்கு இதுவே போதுமான காரணம்.

இங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. மூல ரெப்போவின் முகவரியை மெட்டாடேட்டாவில் (தன்னைப் பற்றிய விவரக் குறிப்பில்) சொல்லாத பேக்கேஜை ரெனோவேட்டால் சேர்க்க முடியாது. நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பேக்கேஜ்களுக்கு இங்கேயும் விதி எழுதித்தான் ஆக வேண்டும். சொந்த சர்வரில் ஓட்டினால் ரெனோவேட்டையே அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலும் பழசாகிவிடும். கான்ஃபிக்கில் இருக்கும் தேர்வுகளின் எண்ணிக்கையும் முதலில் மிரட்டும்.

குழு பெரிதானால் வேறொரு தலைவலி: டெஸ்ட் விழுந்தால் எந்தப் பேக்கேஜால் விழுந்தது என்று தேட வேண்டியிருக்கும். ரெனோவேட் பெரிய பதிப்பு மாற்றங்களை இயல்பாகவே தனி புல் ரிக்வெஸ்டாகப் பிரித்துவிடுகிறது. டிபெண்டபாட்டில் அந்தப் பிரிப்பை நாம்தான் குழு விதியில் குறிப்பிட வேண்டும். விட்டால் எல்லாம் ஒரே மூட்டையாக வரும். டிபெண்டபாட்டிலேயே இருக்கப்போகிறவர்கள் இந்த ஒன்றையாவது இன்றே செய்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே குழுவில் அடைப்பதை இரண்டிலுமே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிஐயில் பச்சை வந்ததும் (சோதனைகள் தேறியதும்) தானாக மெர்ஜ் செய்ய, அதாவது மாற்றத்தை நம் கோடில் சேர்க்க, ரெனோவேட்டில் கான்ஃபிக் போதும், டிபெண்டபாட்டுக்குத் தனியாக ஒரு கிட்ஹப் ஆக்ஷன்ஸ் வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் வேலை வரிசை) வேண்டும்.

நான் சொன்னதெல்லாம் என்பிஎம் உலகத்து அனுபவம். ஜாவாவின் மேவன், கோ மொழி பக்கம் கொஞ்சம்தான் தொட்டிருக்கிறேன். மேவனில் குழு அடையாளம் பெயரிலேயே இருப்பதால் டிபெண்டபாட்டின் பெயர் வடிவமே அங்கே போதுமானதாக இருக்கலாம். ஒன்றிரண்டு சின்ன ரெப்போ, ஒற்றை ஆள் பராமரிப்பு என்றாலும் டிபெண்டபாட்டை விட்டு நகர அவசியம் இல்லை.

மாறுவதாக இருந்தால், டிபெண்டபாட்டின் கான்ஃபிக் கோப்பை முதலில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பேக்கேஜுக்கு இரண்டு பக்கமிருந்தும் புல் ரிக்வெஸ்ட் வரும். கிட்ஹப் அமைப்புகளில் இருக்கும் டிபெண்டபாட்டின் பாதுகாப்பு எச்சரிக்கைகளை மட்டும் அணைக்க வேண்டாம். ரெனோவேட்டும் அவற்றைப் படித்துத்தான் அவசரத் திருத்தங்களை முன்னால் கொண்டுவருகிறது.